அன்னைக்கு இல்லதான்

ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் உப்பளத்தில் பேச்சு குறைந்துவிடும். வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் மண் நறநறக்கும். முருகேஸ்வரிக்கு இந்த வருசம் அது வசதியாக இருந்தது. அவள் புருசன் பாண்டியராஜன் திரும்பி வந்ததிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் அவளிடம் கேட்பதற்கு ஏதாவது வைத்திருந்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்தாக வேண்டும். ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளை கண்ணைக் குத்தும். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் ஏற்றிப்போய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் சும்மாட்டுத் துணி, காலில் கிழிந்த ரப்பர் பூட்ஸ். உப்புநீர் உள்ளே புகுந்து பாதத்தின் வெடிப்புகளை அரித்துக்கொண்டே இருக்கும்.

முன்னால் போன இசக்கித்தாய் பெட்டியைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது கேட்டாள்.

"ஏளா, இன்னும் வெளியதான் படுக்காரா?"

"ஆமா. வாசல் ஓலைச் சாய்ப்புல."

"உள்ள கூப்பிடலியா?"

"உள்ள இடமில்ல."

"அவ்வளவு பெரிய ஆளா ஆயிட்டாரா?" என்று இசக்கித்தாய் சிரித்தாள். முருகேஸ்வரி சிரிக்கவில்லை. காற்று இரண்டு பேர் வாயிலும் மண்ணை வீசியது.

பாண்டியராஜன் போய் ஐந்து வருசம் இருக்கும். வடக்கே கட்ச் பக்கம் உப்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று ஒரு கூட்டத்தோடு ரயிலேறினான். முதலில் போன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. அதற்கப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. இந்த ஆனிக் கடைசியில் வேம்பார் பஸ்ஸிலிருந்து ஒரு பையோடு இறங்கி, வீட்டு வாசலில் வந்து நின்றான். முருகேஸ்வரி அப்போது குடத்துத் தண்ணீரில் முகத்து உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்டாள்.

பழையதும் சாளைக் கருவாடும் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவனே கழுவி வைத்தான். முன்பெல்லாம் அது கிடையாது. எங்கே கற்றுக்கொண்டு வந்திருப்பான் என்று அவள் மனசில் ஓடியது. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கூரையில் பிய்ந்த ஓலையை மாற்றுவதும் அடைபட்ட வாய்க்காலைக் குத்திவிடுவதுமாக இருந்தான். பத்தாவது படிக்கிற மகள் செண்பகம் அவன் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள், வருவாள், புத்தகத்தை விரித்துச் சுவரைப் பார்க்க உட்கார்ந்துகொள்வாள்.

அந்தச் சைக்கிள் 'வேன்காரங்க' கொடுத்தது. மும்பையில் ஏதோ கம்பெனி நடத்துகிற டிரஸ்டுக்கு ஊரார் வைத்த பெயர் அது. அளத்துப் பிள்ளைகள் பாதியில் படிப்பை விட்டுவிட்டு உப்பு அள்ளப் போய்விடக் கூடாது என்று சனிக்கிழமைதோறும் ஒரு வெள்ளை வேன் வரும். வேப்பமரத்தடியில் இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அது எல்லாப் பிள்ளைகளுக்கும். தகப்பன் இறந்துபோன பிள்ளைகளுக்கு மட்டும் சீருடை, சைக்கிள், தினசரி டியூஷன் எல்லாம் அவர்கள் செலவு. பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலும் உண்டு.

அந்த டிரஸ்டின் ஆள் பிரேமா. சாயர்புரத்துக்காரி. பாடம் நடத்துகிறவள் இல்லை என்றாலும் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை மும்பையில இருந்து மேடம் வாராங்க. டிரஸ்டுக்கே அவங்கதான் தலைவி. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போவ நேரமிருக்கு. உங்க வீட்டைச் சொல்லிட்டேன். செண்பகம் மாதிரி இங்கிலீஷ் பேச இங்கன யாரு இருக்கா?"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். சாய்ப்பில் பாண்டியராஜன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"யாருக்கா அது?"

"செண்பகத்தோட அப்பா."

பிரேமாவின் முகம் மாறிப்போயிற்று. "இல்லன்னு சொன்னீங்களே அக்கா!"

"அன்னைக்கு இல்லதான்."

"ஐயோ, நான் இறந்துட்டாருன்னுலா எடுத்துக்கிட்டேன்!"

முருகேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். பிரேமா முதல்முதலாக வந்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டபோது, "அவரு இல்ல" என்று சொன்னது ஞாபகம் இருந்தது. உடனே பிரேமா உச்சுக்கொட்டி அவள் தோளைத் தொட்டாள். புருசன் விட்டுவிட்டுப் போனவளுக்கு யாரும் அப்படி ஆறுதல் சொல்வதில்லை. எதற்கான ஆறுதல் என்று அவள் அப்போது விசாரிக்கவில்லை.

பிரேமா அவளை வேலிப்பக்கமாகக் கூட்டிப்போய்க் குரலைத் தணித்தாள்.

"மேல அப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்ப இவரு வந்து நின்னா நான் பொய் சொன்னதா ஆயிரும். என் வேலை கிடக்கட்டும். சாயர்புரத்துல செண்பகத்துக்கு அடுத்த வருசம் ஹாஸ்டல் பேசி வச்சிருக்கேன். அது போச்சுன்னா அவ என்னக்கா பண்ணுவா? உங்க கூடவே பெட்டி தூக்கவா?"

"இப்ப என்ன செய்யணும், டீச்சர்?"

"சனிக்கிழமை ஒரு நாளு. அவரு இங்கன இருக்க வேண்டாம். பொறவு நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிடுதேன்."

அன்றைக்கு அவனுக்குச் சோறு வைத்துவிட்டு முருகேஸ்வரி நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். பாண்டியராஜன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அப்ப நான் செத்தாச்சா?"

"அவங்க கணக்குல."

"சரி. மெயின் ரோட்டுல ஜீவமணி அண்ணாச்சி டீக்கடையில போயி உக்காந்துக்கிடுதேன். செத்தவன் டீ குடிக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "அம்மா, வேன் போன பொறவு வந்தாப் போதும்னு சொல்லு."

"சரிம்மா" என்றான் அவன் நேராக.

சட்டென்று ஒத்துக்கொண்டுவிட்டான். முருகேஸ்வரிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். என்னவோ, குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டபோது சத்தம் அதிகமாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் சங்கடப்பட்டிருக்கலாம் அந்த மனுசன். போ என்றால் போவதற்கு அவனுக்கு எப்போதும் கால் தயாராக இருக்கிறது.

சனிக்கிழமை அளத்துக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் சாணி தெளித்தாள். கருப்பட்டிக் காபிக்கு அடுப்பில் தண்ணீர் கொதித்தது. பாண்டியராஜன் வெள்ளனவே குளித்துக் கிளம்பிப் போயிருந்தான்.

வந்த மேடத்துக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கைத்தறிச் சேலை. இசக்கித்தாய் வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காராமல், முழங்கால் வலியோடு சிரமப்பட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். கூட வந்த இரண்டு பேரில் ஒருவன் கேமரா வைத்திருந்தான். பிரேமா போட்ட ரோஜா மாலை மேடத்தின் கழுத்தில் இருந்தது. கருப்பட்டிக் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, நிஜமாகவே பிடித்துப்போய் இன்னும் கொஞ்சம் கேட்டாள். நல்ல மனுசி என்றுதான் முருகேஸ்வரிக்குத் தோன்றியது.

செண்பகம் சீருடை போட்டு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடையோடு எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் பேசினாள். தட்டுத்தடுமாறாமல் மகள் பேசுவதை முருகேஸ்வரி கதவோரம் நின்று பார்த்தாள். அர்த்தம் தெரியவில்லை. ஆனாலும் சந்தோசமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் செண்பகத்தின் குரல் இறங்கியது. கையை நீட்டிக் கடல் இருக்கும் திசையைக் காட்டினாள். மேடத்தின் கண் கலங்கியது.

"டீச்சர், என்ன சொல்லுதா?"

பிரேமா காதோடு சொன்னாள். "அப்பா முத்துக் குளிக்கப் போவாராம். மூச்சை அடக்கி ஆழத்துக்குப் போவாராம். ஒரு நாளு உள்ள போனவரு மேல வரவேயில்லையாம்."

முருகேஸ்வரி திரும்பி பிரேமாவைப் பார்த்தாள். பாண்டியராஜனுக்கு நீச்சல் தெரியாது. கடலில் கணுக்காலுக்கு மேல் நனைந்தவன் இல்லை. அதுவும் தவிர, இந்தக் கடலில் முத்துக் குளிப்பது அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நின்றுபோன விஷயம்.

"இது என்ன புதுசா?"

"புதுசில்லக்கா. போன ரெண்டு ஆண்டு விழாவுலயும் இதைத்தான் சொன்னா. நான் நெசம்னு நினைச்சேன்."

மேடம் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். கைகளைக் கூப்பித் தலையைக் குனிந்தாள். கூட வந்தவர்களும் குனிந்தார்கள். பிரேமாவும் வேறு வழியில்லாமல் குனிந்தாள். முருகேஸ்வரியும் நின்றாள். வீட்டுக்குள் ஒரு சத்தமில்லை. வெளியே கொடியில் பாண்டியராஜனின் நீலக் கைலி காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அம்மா எதைப் பார்க்கிறாள் என்று செண்பகமும் பார்த்தாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

முருகேஸ்வரிக்கு வந்தது துக்கமில்லை. கடலில் போனவனுக்கு இவ்வளவு மரியாதை. ரயிலில் போனவனுக்காக அவள்தான் ஊர்ப் பேச்சை மென்று விழுங்கினாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மேடம் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பிரேமாவிடம் என்னவோ சொன்னாள். அவர் இறந்த கடலில் இந்த மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டுமாம். எல்லோரும் வேனில் ஏறினார்கள். முருகேஸ்வரியையும் செண்பகத்தையும் மேடம் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டாள்.

அளத்து வழியாக மெயின் ரோட்டுக்குப் போகிற மண்பாதை குறுகல். எதிரே வந்த உப்பு லாரிக்கு ஒதுங்கிக் கொடுக்கும்போது வேனின் பின்சக்கரம் வாய்க்கால் களிமண்ணில் இறங்கிவிட்டது. டிரைவர் முடுக்க முடுக்கச் சக்கரம் இன்னும் புதைந்தது. எல்லோரும் இறங்கி நின்றார்கள். ஜீவமணி அண்ணாச்சி டீக்கடை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கடையில் இருந்த ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களில் பாண்டியராஜனும் இருந்தான்.

செண்பகம் அவனைப் பார்த்துவிட்டுக் கண்ணால் போகச் சொன்னாள். அவன் பார்க்கவில்லையோ, பார்த்தும் நாலு பேர் தள்ளும்போது கையைக் கட்டி நிற்க முடியவில்லையோ, முழங்கால் சேற்றில் இறங்கித் தோளைக் கொடுத்தான். வேன் முக்கி முனகி மேலே ஏறியது. சக்கரம் வாரியடித்த களிமண் அவன் நெஞ்சிலும் முகத்திலும் அப்பியது.

மேடம் அவனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு இந்தியில் ஏதோ சொன்னாள். அவன் இந்தியிலேயே பதில் சொன்னான். மேடம் ஆச்சரியப்பட்டு மேலே பேச, அவனும் பேச, இரண்டு பேரும் சிரித்தார்கள். முருகேஸ்வரிக்கு அது வேறு யாரோ போலிருந்தது. தனக்குத் தெரியாத ஒரு பாஷையில் கையை ஆட்டிப் பேசத் தெரிந்த ஒரு ஆள். அந்த ஐந்து வருசமும் அந்தப் பாஷைக்குள் இருந்தது.

அவள் பக்கத்தில் போனாள்.

"என்ன கேக்காவ?"

"இந்தி எங்க படிச்சேன்னு கேட்டாவ. கட்ச்சுல அளத்துல இருந்தேன்னு சொன்னேன். அவுக சொந்த ஊரும் அங்கனதானாம்."

"நீரு யாருன்னு கேட்டாவளா?"

"கேட்டாவ."

"என்ன சொன்னீரு?"

"யாருமில்ல, ரோட்டுல போறவன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் லேசாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பொறுமை விட்டுப்போனது.

"யாருமில்லையா?"

"ஏளா, நீதான சொன்ன..."

"சொன்னேன். ஒரு நாளைக்குச் சொன்னேன். கடலுக்குள்ள செத்துட்டீருன்னு இப்பதான் வீட்டுக்குள்ள எல்லாரும் நின்னு உமக்குக் கும்பிடு போட்டோம். தெரியுமா? நானும் நின்னேன். இந்தா, மாலை வச்சிருக்காவ பாரும். செத்துட்டா உமக்கு என்ன, சௌகரியமாப் போயிரும். யாரு உம்மகிட்ட ஏன் போனேன்னு கேக்க முடியும்? எனக்குக் கேக்கதுக்கு நிறைய கிடக்கு."

"அக்கா, வேண்டாம்" என்று பிரேமா தோளைப் பிடித்தாள். "அம்மா!" என்று செண்பகம் கையைப் பிடித்து இழுத்தாள். டீக்கடை ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நீரு யாருன்னு சொல்லும்" என்றாள் முருகேஸ்வரி. "அவங்க பாசையிலயே சொல்லும். எம் முன்னால நின்னு சொல்லும்."

பாண்டியராஜன் சிரிப்பை நிறுத்தினான். முகத்துச் சேற்றைப் புறங்கையால் துடைத்தான், அது இன்னும் பரவியது. அவன் செண்பகத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அப்புறம் மேடத்தின் பக்கம் திரும்பி, செண்பகத்தைக் கைகாட்டி, இவள் என் மகள் என்கிற மாதிரி, "யே மேரி பேட்டி ஹை" என்றான். அதற்குமேலும் கொஞ்சம் சொன்னான். குரல் பாதியில் நின்று நின்று வந்தது. முருகேஸ்வரிக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. மேடத்தின் முகத்தைத்தான் பார்த்தாள். அது முதலில் புரியாமல் சுருங்கியது, பிறகு மெதுவாகத் தொங்கிப்போயிற்று.

மேடம் பிரேமாவிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன கேக்காவ, டீச்சர்?"

"அப்ப நாம யாருக்காக எந்திரிச்சு நின்னோம்னு கேக்காங்க."

செண்பகம்தான் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி முன்னால் வந்தாள். இங்கிலீஷில் ஒன்றிரண்டு வாக்கியம் சொன்னாள். இந்தத் தடவை பேச்சு தட்டுத்தடுமாறியது. பிரேமா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவ என்ன சொன்னா?"

"கதை கட்டினது நான்தான், பிரேமா டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுதா."

மேடம் மாலையைக் கையில் பிடித்தபடியே வேனில் ஏறினாள். அவள் திட்டவில்லை. கதவைச் சாத்துவதற்கு முன் செண்பகத்தின் தலையில் ஒரு நொடி கையை வைத்துவிட்டு எடுத்தாள். வேன் கடல் பக்கம் போகாமல் தூத்துக்குடி பக்கம் திரும்பியது.

வரப்பின் மேல் மூன்று பேரும் வரிசையாக வீட்டுக்கு நடந்தார்கள். முன்னால் செண்பகம், நடுவில் அவள், பின்னால் ரொம்ப தூரம் விட்டு அவன். வீட்டுக்குள் போனதும் செண்பகம் வெடித்தாள்.

"எம் படிப்பைக் கெடுத்துட்டல்ல? சந்தோசமா? இனி நானும் பெட்டி தூக்குதேன், போ."

"ஏன் அப்படிச் சொன்னே நீ? முத்துக் குளிக்கப் போனாருன்னு?"

"பின்ன? விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொன்னா, ஏன் போனாரு, எதுக்குப் போனாருன்னு கேப்பாங்க. எனக்கு என்ன தெரியும்? செத்துட்டாருன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

முருகேஸ்வரி மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் ரோட்டில் நின்று கத்தியதும் இதுவும் ஒன்றுதான் என்று அவளுக்கு உறைத்தது. பொழுது சாய்ந்ததும் சோற்றைப் போட்டு, சாய்ப்பில் அவனுக்கு எதிரே முதல்முதலாக உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே செண்பகம் பக்கத்தைப் புரட்டாமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொல்லும். ஏன் வரல?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"முதல்ல காய்ச்சல்ல கிடந்தேன். கூட வந்தவனுவ ஊருக்குத் திரும்பிட்டானுவ. அடுத்த சீசன் முடிச்சிட்டு வருவோம்னு நினைச்சேன். அதுக்குள்ள ஒரு வருசம் ஆயிட்டு. வந்தா உன்கிட்ட என்ன சொல்லன்னு யோசிச்சேன். அந்த வார்த்தை கிடைக்கதுக்குள்ள இன்னொரு வருசம் ஓடிட்டு. பொறவு அது எங்க கிடைக்க?"

"பொம்பளை இருந்தாளா?"

அவன் கை நின்றது. "இருந்தா. அங்கன சமையக்காரி. இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"அவ ஊருக்குப் போயிட்டா."

முருகேஸ்வரி தலையை ஆட்டினாள். தட்டு கழுவுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. வெகுநாள் கழித்துப் பசித்தது. உள்ளே போய்த் தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். எழுந்து போகும்போது, "படுக்கை இங்கனதான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆவணி பிறந்த பிறகு பிரேமா வந்தாள். டிரஸ்டில் பேசிப் பார்த்தாளாம். விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்களாம். டியூஷனும் ஹாஸ்டலும் கிடையாது. கொடுத்த சைக்கிளைத் திருப்பிக் கேட்கவில்லை. மரத்தடி வகுப்புக்கு எல்லாப் பிள்ளைகளையும் போலச் செண்பகமும் வரலாம்.

"எம் வேலை போகல அக்கா. உங்க மக புண்ணியம்" என்று சொல்லிவிட்டு, காபி குடிக்காமலே ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

பாண்டியராஜன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போக ஆரம்பித்தான். செண்பகம் சைக்கிளில் போனாள், வந்தாள். சனிக்கிழமை மரத்தடியில் சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்திருந்தாள். அம்மாவிடம் கோபம் குறைந்தது. அவனிடம் பேச்சு இல்லாதது அப்படியே இருந்தது. அரைப்பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அளத்தில் அன்றைக்கு லாரி வருகிறது, லீவு கிடைக்காது என்று முருகேஸ்வரி சொல்லிவிட்டாள்.

காலையில் செண்பகம் சைக்கிளை வெளியே எடுத்தபோது, சாய்ப்பிலிருந்து பாண்டியராஜன் எழுந்து வந்து நின்றான். மூட்டை தூக்கித் தோளில் உப்பு பூத்திருந்த சட்டை. எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், திரும்பவும் வாயெடுத்தான்.

"நான் வரட்டாம்மா?"

செண்பகம் சைக்கிளில் ஏறினாள். கொஞ்ச தூரம் போனாள். வேலி முடிகிற இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அங்க எல்லாரு முன்னாலயும் கேப்பாங்க, இத்தனை நாளா ஏன் வரலன்னு. நீங்கதான் பதில் சொல்லணும். வேற சட்டை போட்டுட்டு வாங்க."